அழித்த கோப்பு எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

பழைய கணினியை விற்பது, கைப்பேசியை மாற்றுவது, பழுதான ஹார்டு டிஸ்க்கை எடைக்குப் போடுவது ஆகியவை குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். பலரும் தங்கள் தொழில் விவரங்களைக் குறிப்பிட்டிருப்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் கொடுத்துள்ளோம்.

பென்னாகரத்தில் உரக்கடை நடத்தும் வாசகர்: கடையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய கணினியை விற்க இருக்கிறேன். விவசாயிகளின் கடன் கணக்கு, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எல்லாம் அதில் இருந்தன. அனைத்தையும் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். ஆனாலும் கணினி பழுது பார்க்கும் தம்பி, "எல்லாம் உள்ளேதான் இருக்கும் அண்ணா" என்கிறார். உண்மையா?

அவர் சொல்வது உண்மைதான். காரணம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எளிதில் விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கோப்பை ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. கோப்பின் உள்ளடக்கம் வட்டில் எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் எழுதப்படுகிறது. அதன் பெயர், அளவு, தேதி, அது வட்டின் எந்தெந்தப் பகுதிகளில் கிடக்கிறது என்ற விவரம் ஆகியவை தனியே ஓர் அட்டவணையில் பதியப்படுகின்றன. நீங்கள் டெலீட் கொடுத்ததும் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது என்றால், அட்டவணையில் அதன் பெயரும் இருப்பிடமும் மாற்றப்படுகின்றன என்றே பொருள். உள்ளடக்கம் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. பின்னைக் காலி செய்யும்போதும் அட்டவணையில் அந்தப் பதிவு இனிப் பயன்பாட்டில் இல்லை என்றும், அந்தப் பகுதிகளில் இனி வேறு எதையும் எழுதிக்கொள்ளலாம் என்றும் குறிக்கப்படுகிறதே தவிர, எழுதியிருந்தவற்றை யாரும் தொடுவதில்லை. பட்டாப் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டதால் அவர் நிலத்தில் நிற்கும் கேழ்வரகுத் தாள் மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் வந்து உழுது விதைக்கும் வரை அது அங்கேயேதான் நிற்கும்.

இப்படி வடிவமைத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் முழுவதையும் ஒரு முறை எழுதி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறை கோப்பை அழிக்கும்போதும் அதன் உள்ளடக்கத்தையும் துடைப்பது என்றால் கணினி நகரவே நகராது. ஆகவே வேகத்துக்காக உள்ளடக்கம் விட்டுவைக்கப்படுகிறது. அந்த உள்ளடக்கத்தைத் தேடி எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஃபார்மட் செய்தால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 'குவிக் ஃபார்மட்' என்பது புதிய வெற்று அட்டவணை ஒன்றை எழுதுவதோடு நின்றுவிடும். அந்தத் தேர்வை நீக்கிவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டா முதலான பதிப்புகளில் அந்தப் பிரிவு முழுவதும் பூச்சியங்களை எழுதுகிறது. அதற்கு முந்தைய எக்ஸ்பி பதிப்பிலோ, முழு ஃபார்மட் என்பது வட்டில் கெட்டுப்போன பகுதிகள் உள்ளனவா என்று படித்துப் பார்ப்பது மட்டுமே. ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் பழைய தகவல் அப்படியே கிடக்கும். உங்கள் கடைக் கணினியில் இன்னும் எக்ஸ்பிதான் ஓடுகிறது என்றால் அதை நம்ப வேண்டாம்.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் பழைய பொருள் சந்தையில் 158 ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 129 இயங்கின. அந்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் பலவற்றிலிருந்து மருத்துவக் கடிதங்களும் கடன் அட்டை எண்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்ததாகவே தோன்றியது. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகவே நம்பியிருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கணக்கு விவரங்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் 10 அல்லது 11 ஆக இருந்தால், அமைப்புகளில் உள்ள 'ரீசெட்' பகுதிக்குச் சென்று 'அனைத்தையும் நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் அமைப்புகளில் டிரைவைத் துடைக்கும் தேர்வையும் இயக்குங்கள். சி மட்டுமன்றி டி, இ முதலான எல்லாப் பிரிவுகளும் அதில் அடங்குகின்றனவா என்று கவனியுங்கள். பழைய விண்டோஸ் என்றால், அந்தத் தம்பியிடமே டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, முழு வட்டிலும் பூச்சியம் எழுதச் சொல்லலாம். அப்போது எந்த டிஸ்க்கை அழிக்கிறோம் என்பதை அதன் கொள்ளளவைக் கொண்டு இரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் நேரும் பெருந்தவறு, அழிக்கக் கூடாத டிஸ்க்கை அழித்துவிடுவதுதான். இரவு ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும். முடிந்தபின் ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டி எதுவும் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தனித்தனிக் கோப்புகளையோ காலி இடத்தை மட்டுமோ துடைக்கும் மென்பொருள்களை விற்பனைக்கு முன் நம்ப வேண்டாம். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் சில நூறு பைட் அளவுள்ள சிறு கோப்புகளின் உள்ளடக்கம் அட்டவணைப் பதிவுக்குள்ளேயே இருக்கும். தற்காலிகக் கோப்புகளிலும் நகல்கள் சிதறிக் கிடக்கும். முழு டிஸ்க்கையும் துடைப்பதே உங்களை நம்பி ஆதார் நகல் கொடுத்த விவசாயிகளுக்கு நீங்கள் செய்யும் முறையான கடமை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பணிபுரியும் வாசகர்: கழிக்கப்படும் ஹார்டு டிஸ்க்குகளை 35 முறை மேலெழுத வேண்டும் என்று எங்கள் மேலாளர் வலியுறுத்துகிறார். ஒரு டிஸ்க்குக்கே நாள் கணக்கில் ஆகிறது. இது தேவையா?

தேவையில்லை. இந்த 35 என்ற எண், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்து ஹார்டு டிஸ்க்குகள் வெவ்வேறு விதமான காந்தக் குறிமுறைகளைப் பயன்படுத்தின. எந்த டிஸ்க் எந்த முறையில் எழுதுகிறது என்று தெரியாத நிலையிலும் பயன்படுமாறு, எல்லா முறைகளுக்கும் உரிய வடிவங்களைச் சேர்த்து அவர் 35 சுற்றுகளைப் பரிந்துரைத்தார். ஒரே டிஸ்க்குக்கு அவை அனைத்தும் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. அந்த எண்ணைப் பலர் மந்திரம்போலப் பிடித்துக்கொண்டதைக் கண்டு, புதிய டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது என்று கட்மனே பின்னர் எழுதிச் சேர்த்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய கையேட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று சுற்று முறையும் அந்தக் காலத்து வழக்கம்தான். அந்நாட்டின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2006இல் வெளியிட்டு 2014இல் திருத்திய வழிகாட்டி, காந்த வட்டுகளுக்கு ஒரே ஒரு முறை மேலெழுதினாலே போதும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இன்றைய வட்டுகளில் தகவல் அவ்வளவு நெருக்கமாக எழுதப்படுவதால், மேலெழுதியதன் விளிம்பில் மிஞ்சியிருக்கக்கூடிய பழைய காந்தத் தடத்தைப் படித்தெடுப்பது என்பது நடைமுறையில் இல்லை.

உங்கள் மேலாளரின் கவலையை வேறொரு பக்கம் திருப்புவது பயன் தரும். ஹார்டு டிஸ்க் தன் வாழ்நாளில் கெட்டுப்போன பகுதிகளைத் தானே ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக வேறு பகுதிகளைப் பயன்படுத்துகிறது. ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பழைய தகவல் இருக்கலாம். விண்டோஸ் வழியாக ஒரு முறை எழுதினாலும் 35 முறை எழுதினாலும் அங்கே எட்டாது. டிஸ்க்கின் உள்ளேயே அமைந்துள்ள 'செக்யூர் எரேஸ்' கட்டளையின் 'என்ஹான்ஸ்டு' (மேம்பட்ட) வகையே அந்தப் பகுதிகளையும் எட்டுவதற்கான வழி. ஆகவே அந்தக் கட்டளையை ஒரு முறை இயக்கிவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண், அழித்த தேதி, அழித்த முறை, சரிபார்த்தவர் கையொப்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். தகவல் வெளியேற, சரியாகத் துடைக்காத டிஸ்க் மட்டும் காரணம் அன்று. துடைக்க வேண்டிய குவியலில் சேராமல் விடுபட்ட டிஸ்க்கும் காரணமாகலாம்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஒளிப்படக் கலைஞர்: மாரண்டஅள்ளியில் எடுத்த திருமணப் படங்கள் இருந்த மெமரி கார்டை, என் உதவியாளர் தவறுதலாகக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டார். மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. இப்போதே கேமராவிலிருந்து கழற்றி, கார்டின் ஓரத்தில் உள்ள சிறு பூட்டுப் பட்டியைத் தள்ளி எழுதாதபடி பூட்டிவிடுங்கள். கேமராவின் சாதாரண ஃபார்மட் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது; படங்கள் உள்ளே இருக்கும். கார்டின் உள்ளடக்கத்தையும் துடைக்கும் 'லோ லெவல் ஃபார்மட்' என்ற தேர்வு சில கேமராக்களில் உண்டு; உதவியாளர் அதைப் போட்டிருந்தால் நம்பிக்கை குறைவு.

மீட்பதற்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் நன்றாகப் பயன்படும். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஜேபெக் கோப்பு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மாறாமல் இருக்கும் பைட்டுகளை அடையாளம் கண்டு படங்களைப் பிரித்தெடுக்கிறது. அதனால் படங்கள் கிடைத்தாலும் அவற்றின் பழைய பெயர்கள் கிடைக்காது. வரிசைப்படுத்த, படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். வீடியோ கோப்புகள் பல துண்டுகளாகச் சிதறி எழுதப்பட்டிருந்தால் அவை முழுதாக வருவது கடினம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமியுங்கள். முடிந்தால் முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு அந்த நகலில் வேலை செய்யுங்கள்.

வாடிக்கையாளர் உங்களிடம் கேமரா கார்டை வாடகைக்குக் கேட்டால், அல்லது பழைய கார்டை நீங்கள் விற்றால், இதே மென்பொருளால் இன்னொருவரும் அந்த வீட்டுத் திருமணப் படங்களை எடுக்க முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். விற்பதற்கு முன் கணினியில் இணைத்து முழு ஃபார்மட் செய்யுங்கள்.

கிருஷ்ணகிரியில் பொறியியல் படிக்கும் மாணவி: என் மடிக்கணினியில் எஸ்எஸ்டி இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குச் சொல்லும் அழிக்கும் முறைகள் இதற்குப் பொருந்துமா?

பொருந்தாது என்பதைப் பலர் அறிவதில்லை. எஸ்எஸ்டியில் சுழலும் வட்டு கிடையாது. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஃபிளாஷ் சில்லுகளே உள்ளன. இதில் சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக எழுதலாம். ஆனால் எழுதிய பக்கத்தின் மேல் நேரடியாக மீண்டும் எழுத முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியை முழுவதுமாக அழித்த பின்னரே அங்கே எழுத முடியும். ஒவ்வொரு தொகுதியையும் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் அழித்தால் அது தேய்ந்துவிடும். எனவே எஸ்எஸ்டியின் உள்ளே உள்ள கட்டுப்படுத்தி, எழுதும் வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கிறது. நீங்கள் ஒரு கோப்பின் மேல் பூச்சியம் எழுதச் சொன்னால், அது அந்தப் பூச்சியங்களை வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தை 'பிறகு துடைக்கலாம்' என்று ஒதுக்கிவைக்கும். தேய்மானத்தை ஈடுகட்ட, விண்டோஸின் கண்ணுக்கே தெரியாத கூடுதல் இடமும் உள்ளே உண்டு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். தனி ஒரு கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகளில் எதுவுமே எஸ்எஸ்டியில் நம்பத்தக்கதாக இல்லை என்று கண்டார்கள். டிரைவின் உள்ளேயே உள்ள அழிப்புக் கட்டளைதான் சிறந்தது என்றாலும், சில தயாரிப்புகளில் அந்தக் கட்டளையே பிழையாக அமைந்திருந்தது. அழித்துவிட்டதாக அறிவித்த ஒரு டிரைவில் தகவல் முழுவதும் அப்படியே இருந்தது. அதன்பின் நிலைமை முன்னேறியிருக்கிறது என்றாலும், கட்டளையை இயக்கியபின் சரிபார்க்கும் வழக்கத்தை விடக் கூடாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. விண்டோஸ் 7 முதல் 'டிரிம்' என்ற கட்டளை நடைமுறையில் உள்ளது. நீங்கள் கோப்பை அழித்ததும், எந்தப் பகுதிகள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்கு அது தெரிவித்துவிடுகிறது. அதன்பின் சாதாரண மீட்பு மென்பொருள் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூச்சியமே வரும். ஆக, தவறுதலாக அழித்த உங்கள் புராஜெக்ட் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் மீட்பதுபோல எஸ்எஸ்டியில் மீட்க முடியாமற் போகலாம். அதே வேளையில், சில்லுகளைக் கழற்றிப் படிக்கும் கருவி வைத்திருப்பவரிடமிருந்து தகவல் பத்திரமாக இருக்கிறது என்றும் உறுதி கூற முடியாது.

என் பரிந்துரை, அழிக்கும் நாளில் யோசிக்காமல் வாங்கிய நாளிலேயே குறியாக்கத்தை இயக்கிவிடுவதுதான். விண்டோஸின் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இயங்கிக்கொண்டிருந்தால் சில்லுகளில் எழுதப்படுவது எல்லாமே சாவியின்றிப் படிக்க முடியாத வடிவில்தான் இருக்கும். விற்கும்போது அந்தச் சாவி அழிந்தால் போதும். எஸ்எஸ்டியின் எந்த மூலையில் என்ன மிஞ்சியிருந்தாலும் யாருக்கும் பயன்படாது. குறியாக்கம் இயங்கும் நிலையில் 'ரீசெட்' செய்து அனைத்தையும் நீக்கினாலோ, கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பான பயோஸிலோ தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸைப் பயன்படுத்தினாலோ உங்கள் வேலை சில நிமிடங்களில் முடியும். ஒரே ஓர் எச்சரிக்கை: குறியாக்கத்தின் மீட்புச் சாவியை இன்றே எழுதி வேறிடத்தில் வையுங்கள். அது தொலைந்தால், மடிக்கணினி பழுதாகும் நாளில் உங்கள் தகவல் உங்களுக்கே கிடைக்காது.

அரூரிலிருந்து ஒரு வாசகி: கைப்பேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் குடும்பப் படங்களை எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கொடுக்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் அக்காவின் அச்சம் ஒரு காலத்தில் முற்றிலும் நியாயமானது. 2014இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இணையச் சந்தையில் 20 பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை வாங்கி, அவற்றிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட படங்களை மீட்டுக் காட்டியது. ஆனால் ஆண்ட்ராய்டு 6.0 பதிப்போடு வந்த போதிய திறனுள்ள கைப்பேசிகளிலும், ஆண்ட்ராய்டு 10 பதிப்போடு வந்த எல்லாக் கைப்பேசிகளிலும் குறியாக்கம் இயல்பாகவே இயங்குகிறது. அவற்றில் ரீசெட் செய்ததும் சாவி அழிந்துவிடுவதால், மேலே மாணவிக்குச் சொன்ன காரணத்தாலேயே, படங்களை மீட்க வழியில்லை. ஐஃபோனும் அப்படியே. சென்ற சில ஆண்டுகளுக்குள் வாங்கிய கைப்பேசி என்றால் தயங்காமல் கொடுக்கலாம்.

வரிசை மட்டும் முக்கியம். படங்கள் கூகுள் ஃபோட்டோஸில் நகலாகிவிட்டனவா என்று பாருங்கள். அவற்றைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம்; அப்படி அழித்தால் இணையத்தில் உள்ள நகலும் சேர்ந்து அழிந்துவிடலாம். வாட்ஸ்அப் உரையாடல்களைப் புதிய கைப்பேசிக்கு மாற்றியபின், கூகுள் கணக்கைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால் அடுத்தவர் அந்தக் கைப்பேசியைத் திறக்க முடியாமல் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு வருவார், அதை எவரிடமும் சொல்லக் கூடாது. பிறகு சிம் கார்டையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டு பெரும்பாலும் குறியாக்கம் இல்லாதது, ரீசெட்டில் துடைக்கப்படாமலும் போகலாம் என்பதால் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

திரை உடைந்து தொட முடியாத கைப்பேசி என்றால், அது இணையத்தோடு இணைந்திருக்கும்போது, வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, தொலைந்த கருவியைக் கண்டுபிடிக்கும் பக்கத்தின் வழியே அதை அழிக்கலாம்.

தருமபுரியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர்: ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது என்கிறார்கள். அதில் நாங்கள் எடுத்த நகல்கள் எல்லாம் சேமிக்கப்பட்டிருக்குமா?

உங்கள் கேள்வி மிகவும் தேவையானது. இப்படிப்பட்ட அக்கறையோடு ஒரு கடைக்காரர் எழுதியது மகிழ்ச்சியளிக்கிறது. நகலெடுப்பு, பிரிண்ட், ஸ்கேன் மூன்றும் ஒன்றாகச் செய்யும் பெரிய அலுவலக வகை இயந்திரங்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் உண்டு. வேலைகளை வரிசைப்படுத்த, ஆவணத்தின் படத்தை அதில் எழுதிவைக்கும். சிறிய இயந்திரங்களில் தற்காலிக நினைவகம் மட்டுமே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் அதிலுள்ளது போய்விடும். 2010இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, பழைய நகல் இயந்திரங்கள் நான்கை வாங்கித் திறந்து பார்த்தபோது, காவல் துறை ஆவணங்களும் நோயாளிகளின் மருத்துவ விவரங்களும் கிடைத்தன. அந்த மருத்துவ விவரங்கள் இருந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், 2013இல் அந்நாட்டு அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

நம் ஊர்க் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இயந்திரங்கள் என்பதால், வாங்கும்போதே முந்தையவரின் தகவல் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. விற்கும்போது உங்களுடையதும் அப்படிப் போகும். சர்வீஸ் செய்ய வருபவரிடம், இயந்திரத்தில் ஹார்டு டிஸ்க் உள்ளதா, அதைத் துடைக்கும் தேர்வு மெனுவில் உள்ளதா என்று கேளுங்கள். பல இயந்திரங்களில் ஒவ்வொரு வேலை முடிந்ததும் தானே மேலெழுதும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் டிஸ்க்கைத் துடைத்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

ஆனால் உங்கள் கடையில் இதைவிடப் பெரிய சேமிப்பிடம் மேசையின் மேலேயே இருக்கிறது. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், பட்டா நகல் எல்லாவற்றையும் மக்கள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுக்கிறார்கள். அவை கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் மாதக்கணக்கில் குவிகின்றன. அனுப்பியவர் பிறகு 'எல்லோருக்கும் அழி' கொடுத்தாலும், பதிவிறக்கிய கோப்பு போகாது. மறைந்துபோகும் செய்திகள் என்ற அமைப்பும் அதைத் தொடாது. கடையை மூடும்போது அந்தக் கோப்புறையையும் ரீசைக்கிள் பின்னையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் காலி செய்வதை அன்றாட வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் குறியாக்கமும் இயங்கினால் இன்னும் நல்லது. 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கம் முடிந்தபின் தனிநபர் தகவலை அழிக்க வேண்டும் என்ற கடமையை விதிக்கிறது; பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் உங்கள் நோக்கம் முடிந்துவிடுகிறது. பிரிண்ட் எடுக்க வருபவர்களும், எண் முழுவதும் தேவைப்படாத இடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம்.

ஊத்தங்கரை வாசகர்: பழைய சிடி, டிவிடிகளைக் கீறிப் போட்டால் போதுமா?

சிடியில் தகவல் அடுக்கு, எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கீறினால் பிளாஸ்டிக்கில்தான் கோடு விழும், அதை மெருகேற்றிப் படிக்கவும் முடியும். மேல்பக்கத்தை ஆழமாகச் சுரண்டுங்கள். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டுவதே வழி.

கிருஷ்ணகிரி அருகே மாம்பழக்கூழ் ஆலையில் கணக்காளராக உள்ள வாசகர்: பழைய கணினிகளை எடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க்குகளைத் துளையிடவும் தீயிடவும் முதலாளி சொல்கிறார். சரிதானா?

அழிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். வழக்கு அல்லது மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் பாதுகாக்க வேண்டும். அந்தக் கணக்குகள் வேறிடத்தில் நகலாகி, அந்த நகல் திறந்து படிக்கக்கூடியதாக இருக்கிறது என்று உறுதியானபின் அழிப்பைத் தொடங்குங்கள்.

தீயிடுவதை அடியோடு தவிருங்கள். அது நச்சுப் புகையைக் கிளப்பும். தகவல் அழிவதற்கும் உறுதி இல்லை. 2003இல் கொலம்பியா விண்கலம் வளிமண்டலத்தில் சிதறி எரிந்தபோது, அதில் இருந்த ஒரு ஹார்டு டிஸ்க் கருகி உருகிய நிலையில் டெக்சாஸில் கிடைத்தது. அதிலிருந்த ஆய்வுத் தகவலில் ஏறக்குறைய முழுவதையும் வல்லுநர்கள் மீட்டுவிட்டார்கள். வீட்டு ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற காந்தத்தைத் தேய்ப்பதாலும் பயனில்லை. அதற்கெனத் தயாரிக்கப்பட்ட வலிமையான காந்தநீக்கிக் கருவி ஹார்டு டிஸ்க்கை அழிக்கும், ஆனால் எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. துளையிடுவது இயங்காத ஹார்டு டிஸ்க்குகளுக்கு ஏற்ற வழியே. வட்டுகளை ஊடுருவும்படி பல இடங்களில் துளையிட வேண்டும். மடிக்கணினி டிஸ்க்குகள் சிலவற்றில் வட்டு கண்ணாடியால் ஆனது, அது தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் காப்பு அணியாமல் துளையிடக் கூடாது. எஸ்எஸ்டியில் ஒவ்வொரு சில்லும் நொறுங்க வேண்டும்.

இயங்கும் டிஸ்க்குகளைத் துளையிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை முறையாகத் துடைத்தாலே அவை பாதுகாப்பானவை என்று தெரிந்தபின், நல்ல நிலையில் உள்ள கணினியை உடைப்பது வீண். சுற்று வட்டாரத்தில் உள்ள பள்ளிகளில் அதைக் கொண்டு பிள்ளைகள் தட்டச்சு பழகுவார்கள். துடைத்து, இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவி, துடைத்ததற்கான பதிவோடு கொடுக்கும்படி முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். உண்மையில் பயனற்றவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துச் சான்று பெறுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: ஹார்டு டிஸ்க் திடீரென இயங்காமல் போய்விட்டது. வாரண்டியில் திருப்பி அனுப்பினால் புதியது தருவார்கள். அனுப்பலாமா?

இயங்காத டிஸ்க்கை நீங்கள் துடைக்க முடியாது. ஆனால் அதன் மின்னணுப் பலகை மட்டும் பழுதாகியிருந்தால், வட்டில் உள்ள தகவல் கெடாமல் இருக்கும், பலகையைச் சரிசெய்தவர் அதைப் படிக்கலாம். திருப்பிப் பெறப்படும் டிஸ்க்குகள் பழுது நீக்கி மீண்டும் விற்பனைக்கு வருவதும் உண்டு. உள்ளே இருந்தவை திரைப்படங்களும் பாடல்களும் என்றால் அனுப்புங்கள். வங்கி விவரம், அடையாள ஆவணம், பிறருடைய தகவல் என்றால், வாரண்டியை விட்டுவிட்டு டிஸ்க்கைத் துளையிட்டு, புதிதாக ஒன்று வாங்குங்கள். புதியதில் முதல் கோப்பை எழுதும் முன் குறியாக்கத்தை இயக்கிவிட்டால், அடுத்த முறை தயக்கமின்றி வாரண்டியில் அனுப்பலாம்.